நாக்கில் ஒட்டிய கல்

குசினிக் குழாய் ஒழுங்காகத்தான் ஓடியது. தண்ணீர் இறங்கும் சத்தம்தான் சரியில்லை. மடக்மடக்கென்று இறங்க வேண்டியது, சேற்றில் புதைந்த காலை இழுப்பதுபோல நின்று நின்று சுபாங்கனின் தொண்டைக்குள் போவதைச் சயந்தினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே ட்ருகனினாப் புறநகரின் குளிர்கால மாலை அதற்குள் இருட்டியிருந்தது. வேலிக்கு அப்பால் கிடங்குகளில் லொறிகள் பின்வாங்கும் பீப் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஹீட்டர் போட்டு மூடிய வீட்டுக்குள் ஈரக் களிமண் மணத்தது.

"இன்னும் ஒரு கிளாஸ் தாரும்" என்றான் கணவன். குரல் கரகரத்தது.

"எத்தனை குடிச்சிட்டீங்களப்பா?"

"தாகம் அடங்குதில்லை."

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டுகளுக்குள் தண்ணீரைச் செலுத்தி, எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்க்கும் ஆய்வுகூடம். உப்புத் தண்ணீரைத்தான் செலுத்த வேண்டும். நல்ல தண்ணீர் பட்டால், கல்லின் நுண்துளைகளில் ஒட்டிக்கிடக்கும் களிமண் தூள் கழன்று மிதந்துபோய் அடுத்த இடுக்கை அடைத்துவிடும். அழுத்தினால் இன்னும் இறுகும்.

இன்று காலை வந்த கல்லைச் சுபாங்கன் நாக்கில் வைத்துப் பார்த்தான். களியுள்ள கல் நாக்கில் ஒட்டும். அந்தத் தொழிலில் பழைய பழக்கம். ஒட்டியது. பிய்த்தெடுக்கத்தான் பாடுபட்டான். "நீரும் ஒருக்கா வைச்சுப் பாருமன்" என்று நீட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிளாஸில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"இதைக் குடியுங்கோ. நல்ல தண்ணி மட்டும் வேண்டாம்."

ஒரு வாய் குடித்துத் துப்பினான். துப்பியது சாம்பல் நிறமாக இருந்தது.

உப்பு, இன்னும் கழலாத தூளைத்தான் பிடித்து வைக்கும். அடைத்ததைத் திறக்காது. அடைத்த கல் ஒன்று மறுபடி திறந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அது தெரிந்தும் ஹோலுக்கு ஓடி அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தாள். விலாசம் கேட்டார்கள். சொல்லத் தொடங்கினாள்.

குசினியில் குழாய் திறக்கும் சத்தம்.

"வேண்டாம்! குடியாதைங்கோ!"

மடக்.

மடக்.

பிறகு இல்லை. இருமலும் இல்லை.

போனோடு ஓடினாள். சுபாங்கன் சிங்க்கில் முதுகைச் சாய்த்துத் தலையை அண்ணாந்து, குழாயின் கீழே வாயைத் திறந்தபடி நின்றான். வாய் நிறையத் தண்ணீர். தெளிந்த தண்ணீர். இறங்கவில்லை. உதட்டோரமாக வழிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து மெல்ல ஒரு சாம்பல் புகை எழும்பி அதைக் கலக்கியது. நெஞ்சு அசையவில்லை. கண்கள் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தன. ஓரத்தில் ஒரு துளி திரண்டது. கன்னத்தில் பாதி வழியில் நின்றது. இறுகியது.

"ஹலோ? ஹலோ?" போனில் யாரோ.

பதில் சொல்ல வாயெடுத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. இழுத்தாள். வரவில்லை.

தாகம். தாங்க முடியாத தாகம்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.