இருபத்தாறாவது வாரம்

கிள்ளான் தாய்நல நிலையத்தில் தினமும் காலையில் கர்ப்பிணிகள் தரையில் தீட்டிய நிறக்கோடுகளின் மேல் வரிசையாக நிற்பார்கள். மஞ்சள் கோடு சீன வம்சத்தாருக்கு. அவர்கள் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் படம்பிடித்துப் பார்க்கும் கருக்கண் அறைக்குள் போவார்கள். பச்சைக் கோட்டில் நிற்கும் தமிழர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், சத்து மாத்திரை, அவ்வளவுதான்.

யோகேஸ்வரி பச்சைக் கோட்டில் நின்றாள்.

“கண்ணப் பாத்தா அந்தப் பக்கத்து ஆளு மாதிரி இருக்கு லா,” என்று முன்னால் நின்றவள் சிரித்தாள்.

“வீட்டுக்கு வாங்கக்கா, நண்டுக் குழம்பு ஊத்துறேன். அப்புறம் சொல்லுங்க எந்தப் பக்கம்னு.”

பிறந்த இருபதாம் நாள் ஒரு சீனக் குடும்பம் அவளைத் தமிழ்த் தாயொருத்தியிடம் கொடுத்திருந்தது. பெண் குழந்தைகளை அப்படிக் கொடுப்பது அந்த ஊரில் வெகுகாலத்து வழக்கம். வம்சப் பதிவேட்டில் அவளுக்கும் அந்த அம்மா ‘தமிழ்’ என்றே எழுதினாள். அம்மா போய் ஏழு மாதம்தான் ஆகிறது.

கருக்கண் கருவிகள் குறைவு. உதடும் அண்ணமும் பிளந்து பிறப்பது எந்த வம்சத்தில் அதிகமோ, அவர்களுக்கு மட்டும் பரிசோதனை என்று சுகாதார வாரியம் முடிவு செய்திருந்தது. பிளவு தெரிந்தால் கருவிலேயே தைத்துவிடுவார்கள். ஆனால் இருபத்தாறு வாரம் வரைதான். யோகேஸ்வரிக்கு அதுதான் இருபத்தாறாவது வாரம்.

அன்று வீடு திரும்பியதும் கணவன் குணாளன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

“வம்சத் திருத்த மனு, யோகா. ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்கே மஞ்சள் கோடு.”

“போட்டா பதிவேட்டுல அம்மாவ ‘வளர்த்தவர்’னு மாத்திடுவாங்க. அதானே?”

“ஒரு சொல்லுதானே மா.”

“எங்கிட்ட அவங்களோடது மிச்சம் இருக்குறதே அந்த ஒண்ணுதாங்க.”

“அவங்க இருந்திருந்தா அவங்களே போய் மாத்தியிருப்பாங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குணாளன் தாளை மடித்து வைத்தான். அந்த வாரத்தோடு கெடுவும் முடிந்தது.

பெண் குழந்தை பிறந்தது. கண்ணும் நெற்றியும் யோகேஸ்வரியேதான். மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் மூடவில்லை. மார்பில் வைத்தால் உறிஞ்ச முடியாமல் வீறிட்டது.

“எப்ப தைப்பீங்க மிஸ்ஸி?” என்று யோகேஸ்வரி தாதியிடம் கேட்டாள்.

தாதி புஷ்பலீலா குழந்தையின் துணியைச் சரிசெய்தபடியே இருந்தாள். “பிறந்த பிறகு தைக்குறவங்க இப்ப இல்லம்மா. பெரும்பாலும் கருவிலேயே முடிஞ்சிடுதுல்ல, யாரும் அதப் படிக்கறதில்ல. இந்த நாட்டுல கடைசியா தெரிஞ்சவரு போயி பதினோரு வருஷமாச்சு.”

“வேற நாட்டுல?”

“தேடிப் பாக்கலாம்மா,” என்றாள் தாதி. அந்தக் குரலில் பதில் இருந்தது.

‘அன்றைக்கே சொன்னேனே’ என்று குணாளன் சொல்வான் எனக் காத்திருந்தாள் யோகேஸ்வரி. சொல்லிவிட்டால் அழலாம். அவனோ கிண்ணத்தில் பிழிந்த பாலை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“தலைய கொஞ்சம் தூக்கிப் பிடி.”

ஒரு கரண்டி விட்டான். பாதி உள்ளே போனது. பாதி மூக்கு வழியே திரும்பி வந்தது. யோகேஸ்வரி புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“இன்னொண்ணு விடுங்க,” என்றாள்.