பாதிப் பூ

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

பூவம்மா டீச்சரின் குரல் சாங்கிக் கடற்கரையின் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கடலோரச் செடிகளைப் பார்க்க வந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இருபத்திரண்டு பேரும், பென்சிலும் நோட்டுமாக அவளுக்குப் பின்னால் நின்றார்கள். எதிரே ஓர் இளைஞன். மடித்துவிட்ட கால்சட்டை, கையில் கத்தரி, காலடியில் பழைய செய்தித்தாள் கட்டு. அவன் பக்கத்திலிருந்த பச்சைப் புதரில் ஒரு பூகூட முழுசாக இல்லை. ஒவ்வொரு வெள்ளைப் பூவிலும் ஒரு பக்கத்து இதழ்கள்தான் இருந்தன. மறுபக்கம் மொட்டையாக இருந்தது.

1962-ல், வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதத்தில், இதுதான் அவள் கூட்டி வந்த முதல் சுற்றுலா. காலையிலிருந்து எல்லாம் நன்றாகவே போயிற்று. தாழையைக் காட்டினாள். மணலில் ஓடிய அடம்பங்கொடியைக் காட்டினாள். புன்னைக் காயைப் பொறுக்கிக் கொடுத்தாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கக் கேட்க டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்தா இந்தப் புதர் கண்ணில் பட வேண்டும்...

"பூன்னா சுத்திலும் இதழ் இருக்கும். இதுல பாதியைக் காணோம். எதுக்குப் பிச்சீங்க?"

அவன் நிமிர்ந்தான். மழைக்கு முன்னால் கடல் ஒரு மாதிரி அமைதியாக இருக்குமே... அந்த மாதிரிக் கண்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"பூமலைத் தாவரத் தோட்டத்துல வேலை, டீச்சர். காயவெச்சு அட்டையில ஒட்டறதுக்குச் செடி எடுக்க வந்தேன். பேரு சுந்தரம்."

"பூமலையில வேலை பாக்கிறவரே இப்படிச் செஞ்சா எப்படி? மன்னிப்புக் கேளுங்க. பிள்ளைங்க பாக்குறாங்கல்ல?"

"தப்புதான் டீச்சர்... மன்னிச்சுக்குங்க."

கேட்டே விட்டான். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் தங்கியிருந்தது. செய்தித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தான். 'ஒருவர் பூக்களைப் பிய்த்தார். டீச்சர் அவரைக் கண்டித்தார்' என்று இருபத்திரண்டு நோட்டும் எழுதிக்கொண்டன.

பத்து நிமிடத்தில் மழை வந்தது. எல்லோரும் ஒரு வாதுமை மரத்தடிக்கு ஓடினார்கள். சாட்சிக்காக ஒடித்து வைத்திருந்த கிளை இன்னும் பூவம்மாவின் கையில் இருந்தது. அதில் விரியாத மொட்டு ஒன்று. சும்மா இருக்க முடியாமல் கொண்டை ஊசியால் மெல்லப் பிரித்தாள். உள்ளே ஐந்து இதழ்களும் மடங்கிக் கிடந்தன. ஐந்தும் ஒரே பக்கம்... மறுபக்கம் இயற்கையாகவே பிளந்திருந்தது. இன்னொரு மொட்டைப் பிரித்தாள். அதுவும் அப்படித்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் செடி பூப்பதே பாதிப் பூதான். கரும்பலகையில் வட்டமாகப் பூ வரைந்தே பழகிய டீச்சர், இந்தக் கடலோரப் பூவைப் பார்த்ததே இன்றுதான்.

"டீச்சர், தூரத்துல இருக்கிற அந்தப் புதர்லயும் பாதிப் பூதான் லா. அதையும் அந்த ஆளுதான் பிச்சாரா?" என்று கேட்டாள் நஃபீசா.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. பூவம்மாவோ, "மழை விட்டுடுச்சு... எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க" என்றாள்.

மழை விட்டிருக்கவில்லை.

அன்று அறியாமல் செய்ததைவிட, அறிந்தபின் மழுப்பியதுதான் அவளைத் தின்றது. திருத்த வந்த நோட்டுகளில் 'பிய்த்தார்' என்ற சொல்லைக் கண்டதும் சிவப்புப் பேனா நகரவில்லை. தப்பை ஒப்புக்கொண்டால் நாளைக்குப் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? பூமலைக்கு ஒரு கடிதம் எழுதினாள், கிழித்தாள். இன்னொன்று எழுதினாள், அதையும் கிழித்தாள். நடுவில் அந்தக் கண்கள் வேறு வந்து நின்றன. திட்டு வாங்கியவன் கண்ணில் கோபம் இருந்திருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இரண்டு வாரம் தாங்கினாள். திட்டியது இருபத்திரண்டு பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் தபாலில் போனால் என்ன நியாயம் என்று தோன்றியது. மூன்றாவது சனிக்கிழமை காலை மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு பூமலைக்கே போய்விட்டாள்.

சுந்தரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பெயர்ப்பலகைக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். படை திரண்டு வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"இங்க நான் எதையும் பிய்க்கல டீச்சர்."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"சாங்கியில டீச்சர் சொன்னது தப்பு. அந்தப் பூவே பாதிதான். இவரு ஒரு இதழைக்கூடப் பிய்க்கல. தெரியாமத் திட்டினேன். தெரிஞ்ச பிறகும் உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன். அன்னிக்கு வெக்கப்பட்டிருக்க வேண்டியது நான்தான்." அவனைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க."

நஃபீசா மெதுவாக, "அப்ப நோட்டுல அழிச்சிடலாமா டீச்சர்?" என்றாள்.

"அழிச்சிடுங்க."

இருபத்திரண்டு ரப்பரும் வேலை செய்தன. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவள் நெஞ்சில் இரண்டு வாரமாக இருந்த பாரம் குறைந்தது. அழித்து முடித்த பிள்ளைகள் எதிர் மரத்துக் குரங்குகளைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நீங்க?"

"சொல்லியிருந்தா, பிள்ளைங்க முன்னாடி நீங்க தலை குனிஞ்சிருப்பீங்க. எனக்கென்ன... வழியில போறவன்."

பூவம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து அவன் பதறினான்.

"என் மேலயும் தப்பு இருக்கு டீச்சர். செடியெல்லாம் அன்னிக்கே எடுத்தாச்சு. ஆனா ரெண்டு சனிக்கிழமையும் மறுபடி சாங்கிக்குப் போனேன். இன்னிக்கும் மத்தியானம் கிளம்புறதா இருந்தேன்."

"எதுக்கு?"

"மறுபடி வந்து திட்டுவீங்களான்னு... பாக்கத்தான்."

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். மழுப்புவதும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

"நானும் மன்னிப்புக் கேக்க மட்டும் வரல" என்றாள், கேட்குமோ கேட்காதோ என்ற குரலில். "அதைச் சொல்லாமப் போனா... அதுவும் மறைச்ச மாதிரி ஆயிடும்."