முழு மதிப்பெண்

சந்தைக்குப் போன கணவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தால், முதலில் அவரை விசாரிப்பது மனைவி அல்ல, அழைப்புகளைச் சோதிக்கும் வாசற்பொறி. அன்று காலையும் அப்படித்தான்.

"திருமணத்தன்று உங்கள் மனைவி உடுத்தியிருந்த முகூர்த்தப் புடவை என்ன நிறம்?" என்று பொறி கேட்டது.

"அரக்கு" என்றார் தாணுமூர்த்தி, கொஞ்சமும் தயங்காமல். இணைப்பு கிடைத்தது. "ஏட்டி, முருங்கைக்காய் முத்தலா இருக்கு. வாங்கவா, வேண்டாமா?"

உலகம்மை வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். அவள் உடுத்தியது மயில்கழுத்துப் பச்சை. இத்தனை வருடம் கூடவே குடித்தனம் செய்த மனுஷனுக்கு அது தெரியவில்லை. தெரியாததால்தான் அவர் மனுஷன் என்று பொறி ஒத்துக்கொண்டது. இந்த ரகசியம் நாட்டில் ஐந்தாறு பேருக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடித்தவளே உலகம்மைதான். தகவல் அரண் வாரியத்தின் ஆராய்ச்சித் திட்ட இயக்குநர் அவள்.

பெருங்கசிவுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. அந்த ஆண்டு, மக்களின் பள்ளிச் சான்றிதழ் முதல் படுக்கையறைச் சண்டை வரை எல்லாத் தகவலும் களவு போயின. அவற்றைத் தின்று வளர்ந்த நகல்குரல் இயந்திரங்கள் மகனாகவும் மகளாகவும், செத்துப்போன அப்பாவாகவும்கூடப் பேசின. கேட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டன. இறந்த தாயின் குரலை நம்பி, அணையின் மதகைத் திறந்துவிட்ட பொறியாளர் ஒருவர் உண்டு. அணைக்குக் கீழே இருந்த ஊர்கள் இப்போது இல்லை. கடவுச்சொல், கைரேகை, கண் அடையாளம் எதுவும் செல்லாது என்றான பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு வாரியத்தை அமைத்தது.

களவாணி இயந்திரத்துக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். மறக்க மட்டும் தெரியாது. உலகம்மையின் திட்டம் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றது. சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்டால் மனிதன் தடுமாறுவான், இயந்திரம் தடுமாறாது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லும் குரலுக்கு இணைப்பு கிடையாது. மூன்று முறை அப்படி நடந்தால் குரல் நீக்கம். அதற்குப் பிறகு அந்தக் குரல் எந்த இணைப்பிலும், எவரிடமும், எந்நாளும் பேச முடியாது. பதில் சரியா தப்பா என்று பொறி யாரிடமும் சொல்வதில்லை. உங்களைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் என்று மட்டும் அரசு அறிவித்திருந்தது.

அன்று அலுவலகத்தில் துணை இயக்குநர் யாக்கூப் அவள் மேசை முன் வந்து நின்றான்.

"மேடம், நிலாவுலேர்ந்து உங்க பையன் குரல்ல ரெண்டு தடவை அழைப்பு வந்திருக்கு. ரெண்டு தடவையும் எல்லாப் பதிலும் சரி. இப்ப மூணாவது தடவையா வந்திட்டிருக்கு."

மகன் சங்கரலிங்கம் நிலாவின் பனிச்சுரங்கத்தில் வேலை செய்கிறான். ஒப்பந்தம் முடிந்து திரும்ப இன்னும் பல வருடம் இருக்கிறது. அதுவரை அவனிடமிருந்து வருவது குரல் ஒன்றுதான். சில வாரமாக அதுவும் வரவில்லை.

"எம் பிள்ளை வேஷத்துல எங்கிட்டயே வருதா? போடுங்க, கேப்போம்."

அறையில் அவன் குரல் ஒலித்தது. ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயர், அப்பா வாங்கிய முதல் வண்டியின் எண், அம்மை போட்டிருந்தபோது குடித்த கஷாயம் என்று ஒவ்வொன்றாக, பிசிறில்லாமல் சொல்லிக்கொண்டே போனது. அத்தனையும் சரி. உயிருள்ள எவனுக்கும் இவ்வளவு நினைவு இருக்காது என்று உலகம்மை நினைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுக்கலாமா மேடம்? ஒருவேளை..."

"எம் பிள்ளைன்னு நான் விட்டா, நாளைக்கு ஊரே அவங்கவங்க பிள்ளைன்னு வந்து நிக்கும் யாக்கூப்."

நீக்கப் பொத்தானை இயக்குநர்தான் நேரில் அழுத்த வேண்டும். அவள் விரலை வைத்து அழுத்தினாள்.

நிலாவிலிருந்து வரும் குரல் பொறியைத் தாண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நீக்கத்துக்கு முன்பே அவன் பேசிவிட்ட சொற்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தன.

"எம்மா, கேக்குதியா? நானாப் படிச்சுச் சொல்லி ரெண்டு மட்டம் பெயிலாயிட்டேன்னு, டியூஷன்ல சேந்து படிச்சேம்மா. இந்தத் தடவ எல்லாம் சரியாச் சொல்லிட்டேன். ஒரு மார்க்கு கூடப் போ..."

அத்தோடு நின்றது. அவள் விரலை எடுக்கவில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது?

யாக்கூப் விசாரித்துச் சொன்னான். சோதனை என்ற அறிவிப்பு வந்த மறுவாரமே தெருவுக்குத் தெரு பயிற்சி மையம் முளைத்துவிட்டது. நிலாவிலும்தான். இணைப்பு கிடைக்காதவர்கள் படிப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் விழுந்து விழுந்து படித்தார்கள். ஆளாளுக்குத் தன் வாழ்க்கைக்கே வினா விடைப் புத்தகம் போட்டு, அதை மனப்பாடம் செய்தார்கள். இதுவரை நீக்கப்பட்ட குரல்களில் பாதிக்கு மேல் மனிதர்களுடையவையாம்.

இயந்திரங்களைப் பற்றி அத்தனை ஆராய்ச்சி செய்தவள் தன் ஜனங்களை மறந்துபோனாள். தன்னையும்தான். கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்ததற்காக, அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு போடாமல் இருந்தவள் அவள். அவன் வேறு எப்படி வளர்ந்திருப்பான்?

நீக்கிய குரலைத் திரும்பச் சேர்க்க வழி கிடையாது. அப்படி ஒரு வழி இருந்தால் திருடர்களும் அதில் நுழைவார்கள் என்று எழுதி, அதை அடைத்தவளும் அவளே.

சாயங்காலம் வீட்டில் மணி அடித்தது. நிலாவிலிருந்து அழைப்பு. பொறி மூன்று கேள்வி கேட்டது. சங்கரலிங்கத்தின் குரல் இழுத்தது, தடுமாறியது, மூன்றுக்கும் தப்பாகச் சொன்னது. இணைப்பு உடனே கிடைத்தது. நீக்கப்பட்ட குரல் இது என்று பொறி கண்டுகொள்ளாதபடி, காதுக்குத் தெரியாத இழையளவு அதை மாற்றியிருந்தது களவாணி இயந்திரம். எப்படிப் பதில் சொன்னால் கதவு திறக்கும் என்பதை, மனிதர்களுக்கு முந்தியே இயந்திரங்கள் கற்றுக்கொண்டுவிட்டன.

"எம்மா, நல்லாருக்கியா? அப்பா எங்க? ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?"

அதே குரல். மூக்கை உறிஞ்சுகிற அதே பழக்கம். தாணுமூர்த்தி சமையலறையிலிருந்து, "பயலா? பயலா பேசுதான்?" என்று ஓடிவந்தார். உலகம்மை துண்டிப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். விரல் அழுத்தவில்லை.

"அந்தப் பொறி என்னென்னமோ கேட்டுச்சும்மா. ஒண்ணுமே ஞாபகம் வரல. எல்லாத்தையும் தப்பாச் சொல்லிட்டேன். கோவமா?"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"பரவால்லய்யா" என்றாள். தப்பாகப் பதில் சொன்ன பிள்ளையிடம் உலகம்மை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.