நாலாவது ஆள்

வளன் இன்னும் தண்ணீரில் இறங்கவே இல்லை. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கஞ்சியின் கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் இனிகோவின் கையிலிருந்த கயிறு ஒரு முறை சுண்டியது.

ஆழம் பார்க்க இறக்கிய கயிறு. நுனியில் ஒரு ஈயக்குண்டு, அவ்வளவுதான். நீரோட்டம் கயிற்றை இழுக்கும், சாய்க்கும், பாறையில் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும், சுண்டாது. இருபத்திரண்டு வருடமாக முத்துக்கும் சங்குக்கும் மூழ்குகிற குளியாளிகளுக்குக் கயிறு பிடித்த கை அது. ஒரு சுண்டு என்றால் தூக்கு என்று அர்த்தம். யார் என்ன என்றெல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது.

"எத்தன பாகம் மச்சான்?" என்றான் வளன்.

"ஒம்பது." ஐம்பத்து நாலு அடி.

இனிகோ கயிற்றை மெல்ல மேலே இழுத்துச் சுருட்டினான். குண்டு இருந்தது. குண்டுக்கு மேலே ஒரு முழம் நீளத்துக்குக் கயிற்றில் பெட்ரோல் வாடை அடித்தது. அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, முகராதவன்போலக் காலடியில் போட்டான்.

பாய் நிழலில் குமாஸ்தா சங்கரபாண்டியன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். விளாத்திகுளத்துக் கரிசல்காட்டு மனிதர்; கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்து நாலில் இந்தக் கடலில் விழுந்த பட்டாளத்து விமானத்தைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லி, சண்டை முடிந்து ஒரு வருடம் கழித்து சர்க்காரில் அவரை அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதமாக ஊர் ஊராக அலைந்துவிட்டார். காயல்பட்டினத்தில் ஒருவர், விமானம் தீப்பிடித்து வந்ததாகச் சொன்னார். மணப்பாட்டில் ஒருவர், தீயும் இல்லை சத்தமும் இல்லை, காக்கைபோல வந்து விழுந்தது என்றார். ஆளுக்கொரு விமானத்தைப் பார்த்திருந்தார்கள். கடைசியில் இவர்கள் இருவரையும் கூலிக்கு அமர்த்தி, கடலிலேயே தேடிப் பார்க்க வந்திருந்தார்.

"நாலு பேருல மூணு பேரு கர ஒதுங்கிட்டாங்க அண்ணாச்சி. நாலாவது ஆளத்தான் கேக்காங்க. அந்தப் பையனோட அம்மா மாசாமாசம் கடிதாசி போடுதாங்களாம்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஏதாவது ஒரு அடையாளம் கெடைச்சா, ஒரே ஒரு வரி எழுதி கோப்ப மூடிருவேன். எனக்கும் அலுத்துப் போச்சி."

இனிகோவுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. விமானத்தைப் பார்த்ததே இல்லை என்று அவன் மூன்று முறை வாக்குமூலம் கொடுத்திருந்தான். மூன்றும் பொய். விழுந்த நாலாம் நாளே வளன் அங்கே மூழ்கி, பாராசூட்டையும் அதன் கயிறுகளையும் அறுத்துக்கொண்டு வந்தான். சண்டைக் காலத்தில் நல்ல கயிறு எங்கே கிடைத்தது? எட்டு இழை சேர்த்துப் பின்னினார்கள். உப்பில் இற்றுப்போகாத கயிறு. இப்போது இனிகோவின் காலடியில் கிடப்பது அதுதான்.

அன்றைக்கு வளன் முகம் வெளிறி மேலே வந்தான். இனிகோ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எவ்வளவு பெரிய தப்பு என்று நேற்றுத்தான் தெரிந்தது.

"அந்தாளு கயித்துல தொங்கிக்கிட்டுதான் இருந்தான் மச்சான். நான்தான் அறுத்தேன்," என்றான் வளன். "ரெண்டு வருசமா தூக்கம் இல்ல. எலும்பாவது கெடந்தா எடுத்தாந்து சாமியார்ட்ட குடுத்து அடக்கம் பண்ணிருவோம். போதும்."

இன்றைக்கு வேண்டாம் என்று இனிகோ சொல்லியிருக்கலாம். ஏன் என்று குமாஸ்தா கேட்பார். கயிறு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாளைக்கு மறுபடி வர வேண்டும். நினைக்கும்போதே உடம்பு சோர்ந்தது. பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தில்தான், எந்தக் கயிற்றுக்காரனும் செய்யாத ஒன்றைச் செய்தான். குளியாளி கயிற்றைக் கையில்தான் பிடிப்பான். நெருக்கடியில் விட்டுவிட்டு நீந்தி வந்துவிடலாம். இனிகோ குண்டை அவிழ்த்துவிட்டு அந்த நுனியை வளனின் இடுப்பில் கட்டினான். இறுக்கி, இரட்டை முடிச்சு.

"என்ன மச்சான் இது, மாட்டக் கட்டுத மாதிரி?"

"கெடக்கட்டும் மாப்ள. அல்போன்சாவுக்கு நான் பதில் சொல்லணும்."

இந்தக் கரையில் குளியாளிக்குக் கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான். தங்கச்சியின் தாலியைக் கையில் வைத்திருப்பவன் கயிற்றை விடமாட்டான் என்று நம்பிக்கை.

வளன் சிலுவை போட்டுக்கொண்டு, ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லில் கால் வைத்து இறங்கினான். கல் தரை தட்டியதும் இனிகோ அதைத் தனிக்கயிற்றில் தூக்கி உள்ளே போட்டான். பிறகு, மூச்சுக்கணக்கு வைக்கிற வழக்கப்படி மாதாவுக்கான பிரியதத்த மந்திரம் சொல்ல ஆரம்பித்தான். வளனின் மூச்சு எட்டு மந்திரம் தாங்கும். உச்சி வெயிலில் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. வள்ளத்தின் அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று நக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது மந்திரத்தில் அந்தச் சத்தம் நின்றுபோனது.

நாலு.

பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.

ஐந்தாவது மந்திரத்தின் நடுவில் கயிறு சுண்டியது. இனிகோ இழுத்தான். நகரவில்லை. காலை விளிம்பில் உதைத்து மறுபடி இழுத்தான். ஒரு முழம் வந்தது; பிறகு முழம் முழமாக. ஒரே ஆளின் கனம் இல்லை அது. அவன் கைக்குத் தெரியும்.

ஆறு. ஏழு.

"ஆளு வாரானா அண்ணாச்சி?" குமாஸ்தா எழுந்து உட்கார்ந்து, கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. நாலு பாகத்துக்குக் கீழே வளன் தெரிந்தான். இடுப்பு வளைந்து, கைகள் இரண்டும் முடிச்சைப் பிய்த்துக்கொண்டிருந்தன. வாயிலிருந்து குமிழிகள் புறப்பட்டன. வளனுக்கு மேலே, அதே கயிற்றில், இன்னொருவன் வந்துகொண்டிருந்தான். தோல் தொப்பி. தோல் கையுறை. கைமாற்றிக் கைமாற்றி, நிதானமாக ஏறினான். அவசரமே இல்லை.

எட்டு.

விட்டால் இரண்டும் கீழே போகும். அறுத்தாலும் அப்படித்தான். இழுத்தால் முதலில் வருவது வளன் இல்லை.

"மாதாவே," என்றான் இனிகோ. இழுத்தான்.

தொப்பி தண்ணீருக்கு வெளியே வந்தது. குமாஸ்தாவின் பேனா கீழே விழுந்து உருண்டது. கையுறை ஒன்று விளிம்பைப் பிடித்தது. வள்ளம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஒன்பதாவது மந்திரம். வளனின் கைகள் முடிச்சை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தன. இன்னும் இரண்டு பாகம் இருந்தது. இனிகோ இழுத்துக்கொண்டே இருந்தான். இழுக்க இழுக்க, தொப்பிக்காரன் அவன் மடியில் ஏறினான்.