கவற்றம்மையின் முறை

"நான் எதுவும் செய்யவில்லை."

"எல்லார்கிட்டயும் இதையேதான் தாயே சொல்றீங்க. பயப்படாதீங்க, நானும் வெளியில சொல்ல மாட்டேன்."

"நிஜமாகவே எதுவும் செய்யவில்லை, வாளூரானே. எழுந்திரு."

வாளூரான் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே டிராகனின் செதில் ஒன்றைத் தேவதை கவற்றம்மையின் காலடியில் வைத்தான். விளையாட்டுக்குள் அந்தச் செதிலுக்கு ஒரு நகரத்தையே வாங்கலாம். கோயிலுக்கு வெளியே மந்திரவாதிகளும் திருடர்களும் ஒரு பூதமும் வரிசையில் நின்றார்கள்.

விளையாட்டுக்கு வெளியே வாளூரான், சனிக்கோளின் நிலவான டைட்டனில் உள்ள குடியிருப்பில் பனிக்குழாய்களைப் பழுதுபார்க்கும் சூசைராஜ். அவருடைய தெய்வமோ அதே குடியிருப்பின் அடித்தளத்தில், தலையில் உணர்தொப்பியும் மடியில் ஆறிப்போன பாசிக்கஞ்சியுமாக உட்கார்ந்திருக்கும் பூங்கோதை. வேலை நேரம் முழுவதும் அவள் பகடைக்குரிய அதிர்ஷ்ட தேவதை கவற்றம்மை. அது முடிந்தால் துணி துவைக்க வேண்டும்.

முதலில் ஒரு கணினி நிரல்தான் கவற்றம்மையாக இருந்தது. எல்லாருடைய வேண்டுதலையும் ஒரே கனிவோடு கேட்டது. அதனாலேயே யாரும் அதனிடம் போகவில்லை. கெஞ்சினால் மனம் மாறக்கூடிய ஒருத்தி வேண்டும் என்றார்கள். நிர்வாகம் ஆள் எடுத்தது. பூங்கோதைக்குக் கேட்பது மட்டும்தான் வேலை. பகடையை உருட்டுவது அணுக்கவறு என்ற இயந்திரம். தனக்குள் இருக்கும் அணுக்களில் ஒன்று சிதையும் கணத்தைக் கொண்டு அது எண்ணைச் சொல்லும். அந்தக் கணத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, மாற்றவும் முடியாது. புதிதாக வருபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதும் பூங்கோதைதான்.

பூமிக்குத் திரும்பும் கப்பலில் யாருக்கு இடம் என்பதையும் அதே இயந்திரம்தான் குலுக்கல் போட்டு முடிவுசெய்கிறது. முன்பு ஒரு குழு ஒதுக்கியபோது குழுவினரின் மைத்துனர்கள் மட்டுமே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதனால் வந்த ஏற்பாடு இது. இரண்டுக்கும் இயந்திரம் ஒன்று என்பதால் தெய்வமும் ஒன்றே என்று மக்கள் முடிவுகட்டிவிட்டார்கள். டிராகனைக் கொல்ல வரம் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். இப்போது வருபவர்களுக்கெல்லாம் ஊருக்குப் போக வேண்டும்.

சூசைராஜுக்கு நேற்றுக் குலுக்கலில் இடம் விழுந்துவிட்டது. அவர் குலுக்கல் பொத்தானை அழுத்திக் கொடுத்த அறைத்தோழருக்கும் விழுந்தது. அதிலிருந்து பட்டறையில் புது பம்பை ஓட்டிப்பார்ப்பதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம். கைராசிக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்களாம். எல்லாம் தாயின் அருள் என்று சொல்லிச் சிரித்தார்.

பூங்கோதை கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அவள் காதுகள் வலித்தன. நாளை அவளுக்குக் குலுக்கல். இதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை. பூமியில் தங்கையிடம் விட்டுவந்த மகள் கடைசியாக அனுப்பிய செய்தியில் பள்ளியைப் பற்றி இருந்தது, வீட்டில் புதிதாக வந்த நாயைப் பற்றி இருந்தது. எப்போது வருவாய் என்ற கேள்வி மட்டும் இல்லை.

"சரி தாயே, நான் கெளம்புறேன். உங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று வாளூரான் எழுந்தான். பிறகு தானே சிரித்துக்கொண்டான். "உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?"

அவன் வாசலை நெருங்கியிருந்தான். குலுக்கல் பொத்தானை யாருக்காகவும் யாரும் அழுத்தலாம் என்று விதி இருக்கிறது. யார் அழுத்தினாலும் விளைவில் மாற்றம் இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்த விதியையும் புதியவர்களுக்கு அவள்தான் விளக்குவாள்.

கவற்றம்மையின் கண்களே இல்லாத பொன்முகம் வாசலை நோக்கித் திரும்பியது. குரல்மாற்றியைப் பூங்கோதை அணைத்தாள். மணியோசை போன்ற தெய்வக்குரல் போய், கரகரத்த சின்னக் குரல் ஒன்று கோயிலுக்குள் கேட்டது.

"அண்ணே, நாளைக்கு எனக்குக் குலுக்கல். ஒரு நிமிஷம் வந்து, உங்க கையால அந்தப் பொத்தானை அழுத்திட்டுப் போறீங்களா?"