உறையாத வட்டம்

விமானத்தின் முன்கண்ணாடியில் வெள்ளை வெளேரென்று பனி படர்ந்த பிறகும், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் மட்டும் உறையாமல் நின்றது. கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்சைப் பார்த்தான் ஸ்டான்லி. அணைந்துதான் கிடந்தது.

வெளியே நாகல் நகர் மத்தியான வெயிலில் வெந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி அனலைத் துழாவ, அவன் மட்டும் கம்ப்யூட்டரில் பனிமலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். எவ்வளவு குளிர், மேகத்துக்குள் எவ்வளவு நேரம் என்று கணித்து இறக்கையில் பனிப் பாரத்தை ஏற்றும் இந்த விளையாட்டு, அதற்குத் தக்க பனிப்படத்தைக் கண்ணாடியிலும் ஒட்டும். அந்தப் படங்கள் சுத்தப் போலி என்பது அவனுடைய நெடுநாள் குறை. பொண்டாட்டிக்கு ஐஸ் வைக்கத் தெரியாதவர் ஏரோப்ளேனுக்கு வைக்கிறார் என்று அவன் மனைவி கீர்த்தனா கேலி பண்ணுவாள்.

சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது அவன் தொழில். அன்று காலையில் அகரத்தில் பொம்மையன் வீட்டில் ஒன்றை இறக்கியிருந்தான். விடியலில் கனகாம்பரத் தோட்டத்தில் விழுந்து கிடந்தவர், ஐம்பது வயதுதான். டாக்டரைக் கூப்பிடாமல் நெஞ்சுவலி என்று வீட்டாரே முடிவுகட்டிவிட்டார்கள். பெட்டியின் கண்ணாடி மூடியில் உள்பக்கமாகப் பனி பூப்பதைக் கண்டதும் ஸ்டான்லிக்கு ஆசை வந்துவிட்டது. குளிரைக் கடைசிவரை கூட்டினான். மெஷினைச் சோதிப்பவன்போல நின்று நின்று செல்போனில் பதினொரு படம் எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் போலிப் படங்களை நீக்கிவிட்டு அவற்றை விளையாட்டுக்குள் ஏற்றினான். அவைதான் இப்போது விமானத்தின் கண்ணாடியில், உறைய உறைய ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

அடுத்த படம் வந்தது. வட்டம் விரிந்தது. அதற்கடுத்ததில் சுருங்கியது. யாரோ துடைத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏழாவது படத்தோடு விமானத்தை மேகத்துக்குக் கீழே இறக்கினான். பனி விலகியது. மறுபடி ஏற்றினான்.

விரிந்தது. சுருங்கியது. ஓரத்தில் ஈரம்.

வட்டத்துக்கு நேர் கீழே பொம்மையனின் மூக்கும் வாயும்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டரை. நாலு மணிக்கு எடுக்கிறார்கள். பொம்மையனின் மகன் அழகுராஜாவைப் போனில் பிடித்தான்.

"அழகு, மூடிக் கண்ணாடில வட்டமா ஏதும் தெரியுதா?"

"காலையிலருந்து இருந்துச்சுண்ணே. அதுவழியாத்தான் எல்லாரும் மொகம் பாத்தாக. செத்த நேரம் முன்னாலதான் மூடிருச்சு. மொகம் தெரியலன்னு அம்மா ஒரே அழுக."

"தொற. பெட்டியத் தொற அழகு."

"கொட்டுச் சத்தத்துல கேக்கலண்ணே. குளிரா? நீங்க வச்சபடியேதான் வச்சிருக்கேன்."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை.

பாரம் தாங்காமல் விமானம் அலறியது. அவன் கை நகரவில்லை. எட்டாவது படம். ஒன்பது. பத்து.

பதினொன்று.

எங்கும் வெள்ளை. நடுவில் சின்னதாக வட்டம். அதற்குள், தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை மீறி, பொம்மையனின் வாய் திறந்திருந்தது.