உச்சிப் பெரணி தனி இனமா?

முதல் ஓட்டத்தில் உச்சிப் பெரணியைத் தனி இனம் என்று சொன்ன எதிரோட்டி, மறு ஓட்டத்தில் இல்லவே இல்லை என்று சாதித்தது. எஸ்தருக்குத் தலை சுற்றியது.

ஒரு செடியின் பத்தாயிரம் ஆண்டுச் சந்ததியை ஒரே மதியத்தில் ஓட்டிப் பார்க்கும் கருவி எதிரோட்டி. கடைசிவரை வேறெதனோடும் கலக்காமல் நின்றால் தனி இனம், அவ்வளவுதான். அது வந்த நாளிலிருந்து, இலை நரம்பை வைத்து மண்டையை உடைத்துக்கொண்ட தாவரவியலாளர்களுக்கெல்லாம் மதியத் தூக்கம் வாய்த்தது. சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது: வேறெங்கும் இல்லாத தனி இனம் வாழும் மலையில் அணை கட்டக் கூடாது. இந்தப் பெரணியோ உலகத்திலேயே அந்த ஒரு மலையுச்சியில்தான் இருந்தது. கீழே பள்ளத்துக் காடு முழுவதும் மூழ்குமா, பிழைக்குமா என்பது இப்போது தாவரவியலாளர் எஸ்தரின் அறிக்கையில் இருந்தது.

“மிஷின் மக்கர் பண்ணுதோ மேடம்?” என்றார் அணைப் பொறியாளர் தாணுமாலயன்.

“மிஷின் சரியாத்தான் இருக்கு சார். முதல்ல உங்க அணையோட ஓட்டினேன். அப்புறம் அணை இல்லாம ஓட்டினேன்.” இரண்டு முடிவுத் தாள்களையும் அவர் முன்னே வைத்தாள். “அணை வந்தா, கீழ இருக்க இதோட பங்காளி, பள்ளத்துப் பெரணியெல்லாம் முங்கிச் செத்துரும். கலக்க ஆளில்லாம உச்சியில இருக்கது தனி இனமாயிரும். அணை வரலைன்னா ரெண்டும் கலந்து ஒண்ணாயிரும்.”

“அப்போ தனி இனம்னு எழுதினா அணை வேலை நின்னுரும். நின்னா அது தனி இனமில்ல. இல்லன்னு எழுதினா அணை வந்துரும். வந்தா அது தனி இனம். என்னத்தத்தான் எழுதுவிய?”

காட்டை நினைத்து, தனி இனம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அணைத் திட்டம் நின்றது. சந்தோஷத்தில் எஸ்தர் அழுதேவிட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் துறையிலிருந்து உத்தரவு வந்தது. அரசு ஏற்ற முடிவு பொய்யாகக் கூடாதாம். ஆகவே பள்ளத்துப் பெரணிகளை ஒன்றுவிடாமல் வேரோடு களைய வேண்டும். தவறினால் முடிவு ரத்தாகும், அணை வரும். பொறுப்பு எஸ்தருடையது.

காப்பாற்றிய காட்டுக்குள்ளேயே ஆட்களோடு இறங்கிப் பிடுங்கினாள். மனது ஆறவில்லை. பாதிச் சரிவில், களை எடுக்க வந்த பேச்சியம்மாள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு பெரணி. இலையின் அடிப்பாதி பள்ளத்துப் பெரணி மாதிரி அகலம், நுனி உச்சிப் பெரணி மாதிரி குறுகல்.

“இதப் பிடுங்கணுமா, வேலி போடணுமாம்மா?”

எஸ்தர் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு முகாமுக்கு ஓடினாள். எதிரோட்டிக்குள் வைத்தாள். கருவி ஓடத் தொடங்கவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: ‘இந்தச் செடியை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?’

“அதத் தெரிஞ்சிக்கத்தான உங்கிட்ட வந்தேன்!” என்று எஸ்தர் திரையைப் பார்த்துக் கத்தினாள்.